அமேசான் நம் புகையை எல்லாம் உறிஞ்சிவிடுமா?

"உலகின் ஆக்சிஜனில் 20% அமேசான் தருகிறது, நாம் விடும் கார்பனையும் அதுவே உறிஞ்சிவிடும்" என்றொரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

அந்தக் காடு உண்டாக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய முழுவதையும் அங்குள்ள மரங்களும் நுண்ணுயிர்களுமே சுவாசித்துத் தீர்த்துவிடுகின்றன. சரி, கார்பன்? அதுதான் கவலைக்குரியது. பிரேசில் விஞ்ஞானி லூசியானா காட்டியின் குழு 2010 முதல் 2018 வரை சிறு விமானங்களில் நான்கு இடங்களில் காற்று மாதிரி எடுத்தது. காடழிப்பு, தீ, கோடைக்கால வெப்பம் எல்லாம் சேர்ந்து, தென்கிழக்கு அமேசான் உறிஞ்சுவதைவிட அதிகக் கார்பனை வெளிவிடுவது தெரிந்தது. மேற்குப் பகுதிகள் அந்த அளவுக்கு வரவில்லை என்பது ஆறுதல்; ஆனால் தீயால் வரும் கார்பனையும் சேர்த்தால், அமேசான் மொத்தமாகவே உறிஞ்சுவதைவிட அதிகம் வெளிவிடுகிறது என்பது ஆய்வின் மதிப்பீடு.

2021 ஜூலை 'நேச்சர்' இதழில் இந்த ஆய்வைப் பார்க்கலாம். அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.