குடோன் கதவைத் தட்டுங்கள்

மதுரைச் சித்திரைத் திருவிழாவுக்குத் தல்லாகுளத்தில், அழகரை வரவேற்கிற எதிர்சேவை பார்க்கப் போனபோது, தங்கச்சி மகனுக்கு ஒரு கார் பொம்மை வாங்கிக் கொடுத்தேன். 80 ரூபாய். விளக்கு எரியும், பாட்டுப் பாடும். 2 வயதுப் பிள்ளை, வீட்டுக்கு வந்ததும் கீழே போட்டான். அடிமூடி தெறித்து விழுந்தது. உள்ளே 3 பட்டன் பேட்டரி இருந்திருக்கிறது. தரையில் இரண்டுதான் கிடைத்தன. மூன்றாவது அவன் கன்னத்துக்குள் இருந்தது. தங்கச்சி விரலை விட்டு எடுத்தாள்.

விழுங்கியிருந்தால்? தொண்டைக்குக் கீழே சிக்குகிற பட்டன் பேட்டரி, ஈரம் பட்டதும் காஸ்டிக் சோடா மாதிரி காரத்தை உண்டாக்கும். 2 மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்துவிடும். இதனால்தான் சின்னப் பிள்ளைகள் பொம்மையில் பேட்டரி மூடியை ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல் திறக்க முடியக் கூடாது என்று தர விதி சொல்கிறது. இந்தக் காரில் ஒரு ஸ்க்ரூகூட இல்லை.

விதி இல்லாமல் இல்லை. 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். வெளிநாட்டில் செய்ததாக இருந்தாலும் அந்தத் தொழிற்சாலை, இந்த முத்திரையைத் தருகிற இந்தியத் தர நிர்ணய அமைவனத்திடம் உரிமம் வாங்க வேண்டும். 2019-இல் இந்தியத் தரக் குழு டெல்லி வட்டாரத்தில் வாங்கிச் சோதித்த இறக்குமதிப் பொம்மைகளில் சுமார் 67 சதவீதம் தேறவில்லை. அதற்குப் பிறகு வந்த ஆணை இது. நல்ல ஆணை, மனதாரச் சொல்கிறேன்.

இறக்குமதி வரியையும் 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கி, 2023-இல் 70 ஆக்கினார்கள். உள்ளூரில் செய்கிறவர்களுக்கு அது உதவும், சரி. ஆனால் திருட்டுத்தனமாகக் கொண்டு வருகிறவன் வரியும் கட்டுவதில்லை, சோதனைக்கும் போவதில்லை. கடத்தல் எப்படி நடக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம்: 2025 அக்டோபரில் தூத்துக்குடி துறைமுகத்தில் சுமார் 5 கோடி ரூபாய் சீனப் பட்டாசைப் பிடித்தார்கள். கன்டெய்னரின் முன்பக்கம் வேறு சரக்கை அடுக்கி மறைத்திருந்தார்கள். பிடித்த அதிகாரிகளுக்கு நன்றி. ஆனால் எல்லாப் பெட்டியையும் துறைமுகத்திலேயே பிரித்துப் பார்க்க முடியாது. தப்பி வந்த சரக்கு எங்கேயாவது இறங்கித்தானே ஆக வேண்டும்?

நம் ஊரில் ஒரு மொத்தக் கடையில் அதே காரைப் பார்த்து, முத்திரை எங்கே என்று கேட்டேன். "அதெல்லாம் வராதுக்கா. பில் போட்டா இந்த ரேட்டுக்குத் தர முடியாது" என்றார் அந்தத் தம்பி. பட்டப்பகலில், கடை முழுக்க ஆள் இருக்கும்போது.

திருவிழாவில் தரையில் துணி விரித்து விற்கிற அம்மாவிடம் பறிமுதல் செய்தால் அவர் ஒரு வாரச் சாப்பாடு போகும், சரக்கு நிற்காது. சோதனை மொத்தக் கடையிலும் குடோனிலும் நடக்க வேண்டும். அதுவும் சித்திரைக்கும் தீபாவளிக்கும் ஒரு மாதம் முன்னாலேயே. அமைவனத்தின் கிளை அலுவலகம் மதுரையிலேயே இருக்கிறதே.

அந்தக் காரை நான் தூக்கிப் போடவில்லை. 3 பேட்டரியோடு கவரில் வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை புகார் மனுவோடு அந்த அலுவலகத்துக்குக் கொண்டு போகிறேன். தல்லாகுளத்தில் இதே மாதிரி பாட்டுப் பாடுகிற கார் வாங்கியவர்கள் இருந்தால், இன்றைக்கு ராத்திரியே பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.