துப்பறிகிற மூஞ்சி

சனிக்கிழமை நம் திரையிடலில் ‘தி லாங் குட்பை’ படம் போட்டபோது நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்றும் அதே கிண்டல் தொடர்ந்ததால் எழுதுகிறேன். “இந்த மூஞ்சியெல்லாம் துப்பறிவாளனா?” என்று அண்ணன் கேட்க, மொத்தக் கூட்டமும் சிரித்ததே, அதைத்தான் சொல்கிறேன்.

அதில் ரேமண்ட் சாண்ட்லர் நாவல்களின் துப்பறிவாளன் மார்லோவாக நடித்த எலியட் கூல்ட் மூஞ்சிக்கு என்ன குறை? படம் 1973-இல் வந்தபோதே அமெரிக்காவில் பலர் இப்படித்தான் முகம் சுளித்தார்கள். இயக்குநர் ராபர்ட் ஆல்ட்மன் தெரிந்தேதான் அவரைப் போட்டார். இருபது வருஷம் தூங்கிவிட்டு எழுபதுகளின் லாஸ் ஏஞ்சலஸில் கண்விழித்த ஆள்தான் அவருடைய மார்லோ. கசங்கிய கோட்டு, ஓயாத சிகரெட், தனக்குத்தானே முனகல். நடுராத்திரியில் பூனைக்குப் பிடித்த தீனி கடையில் கிடைக்காமல், வேறு தீனியைப் பழைய டப்பாவில் அடைத்து ஏமாற்றப் பார்ப்பார். பூனை ஏமாறாது. இந்தக் காட்சியை மிடுக்கான நாயகனை வைத்து எடுத்துப் பாருங்களேன்!

“நாவலில் மார்லோ ஆறடிக்கு மேல்” என்கிறார்கள். சரி, முன்பு மார்லோவாக நடித்த ஹம்ப்ரி போகார்ட் ஆறடியா? ‘தி பிக் ஸ்லீப்’ படத்திலேயே ஒரு பெண் அவர் உயரத்தைச் சீண்டுவாள். அவருக்கும் முன்னால், 1944-இல், மார்லோவாக வந்தவர் டிக் பவல். அதுவரை பாட்டுப் படங்களில் சிரித்துக்கொண்டே பாடியவர். இதுவும் பாட்டுப் படம் என்று ஜனங்கள் நினைத்துவிட, தலைப்பையே ‘மர்டர், மை ஸ்வீட்’ என்று மாற்றினார்கள். அவர் மூஞ்சி மட்டும் பொருந்தியதாக்கும்?

கதையின் முடிவை மாற்றிவிட்டார்கள் என்று ஒரு தோழி சொன்னார். நியாயமான குறைதான். அதை இன்னொரு நாள் பேசலாம்.

என் பெரியப்பா குற்றப்பிரிவில் ஏட்டாக இருந்தவர். தொப்பை, வெற்றிலை வாய், அக்குளில் மஞ்சள் பை. மண்ணெண்ணெய் வாங்க வந்தவர் மாதிரி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். போலீஸ் மூஞ்சியோடு போயிருந்தால் அங்கே எவன் வாயைத் திறந்திருப்பான்?

“நீ ஏன் இதுக்கு இவ்வளவு சூடாகிறாய்?” என்பீர்கள். கல்லூரி நாடகத்தில் இன்ஸ்பெக்டர் வேஷத்துக்கு நாலு பக்க வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். முதல் வரி சொல்வதற்குள், “உனக்குத் திருடன் வேஷம் இருக்கு, மேக்கப்பே வேண்டாம்” என்றார் நாடகம் போட்டவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அதற்கும் கூல்டுக்கும் சம்பந்தம் இல்லை என்றால் இல்லாமலே இருக்கட்டும்.

அடுத்த மாதம் படம் தேர்வு செய்வது என் முறை. டிக் பவல் படத்தைத்தான் போடப் போகிறேன். அண்ணன் முன்வரிசையில் உட்கார்ந்தே சிரிக்கலாம்.