45 ஆட்டம்தானே என்று சிரித்தவர்களுக்கு

சனிக்கிழமை ஒன்றுகூடலில் நடந்தது இங்கே முக்கால்வாசிப் பேருக்குத் தெரியும். பெயர் சொல்லிச் சண்டை வளர்க்க விருப்பமில்லை. ஆனால் கனடாவின் ஐஸ் ஹொக்கி ஆட்டக்காரர் வில்லி ஓ'ரீ பற்றிய கதை வந்ததும், "45 ஆட்டம், 4 கோல். இதுக்குப் போய் சட்டையைக் கூரையில தூக்கினவங்களாம்" என்று அண்ணர் சொல்ல, சுற்றியிருந்தவர்கள் கெக்கட்டம் விட்டுச் சிரித்தார்களே, அது இன்னும் தொண்டைக்குள் நிற்கிறது. (சட்டையைத் தூக்குவது என்றால், ஒருவரின் இலக்கத்தை இனி வேறு யாருக்கும் கொடுக்காமல் அவர் சட்டையை அரங்கின் கூரையில் தொங்கவிட்டு மரியாதை செய்வது.)

சரி, கணக்கே பேசுவோம். 45 சரி. 4 கோலும் சரி. 10 அசிஸ்டையும் (மற்றவரின் கோலுக்குப் பாஸ் கொடுத்தது) சேர்த்துச் சொல்லியிருக்கலாம். சொன்னால் சிரிப்புக் கொஞ்சம் குறைந்திருக்கும், அதனால் விட்டிருப்பீர்கள். 1958 ஜனவரி 18, மொன்றியல் ஃபோரம். பொஸ்ரன் புரூயின்ஸ் அணியின் சட்டையோடு ஓ'ரீ பனியில் இறங்கும்வரை, வட அமெரிக்காவின் உச்ச ஹொக்கி லீக்கான என்எச்எல்லில் ஒரு கறுப்பர்கூட ஆடியதில்லை. அன்றைக்கு லீக்கில் மொத்தமே ஆறு அணிகள், அதனால் இடங்களும் கொஞ்சம்தான். இன்றைக்கு 32. அந்த 45ஐ இந்த 32க்குள் வைத்துப் பார்த்தால் சின்னதாகத்தான் தெரியும்.

அப்புறம் கண். கிச்சனர் நகர அணியில் ஜூனியர் ஆடிய காலத்தில் பக் (ஹொக்கியில் அடிக்கும் ரப்பர் வட்டு) பறந்து வந்து வலக்கண்ணில் அடித்து, அந்தக் கண்ணின் பார்வை 95 வீதம் போய்விட்டது. இனி ஹொக்கியை மறந்துவிடு என்றார் டொக்டர். ஒரு கண் தெரியாதவர் ஆடக்கூடாது என்று லீக்கிலேயே விதி இருந்தது. மனுசன் வாயைத் திறக்கவில்லை. அந்த 45 ஆட்டமும் ஒற்றைக் கண்ணோடு ஆடியவை. அதுவும் இடது விங்கில், அதாவது முன்வரிசையின் இடது ஓரத்தில்! இடது விங்கில் நிற்பவனுக்குப் பாஸ் பெரும்பாலும் வலப்பக்கமிருந்துதான் வரும். ஒவ்வொரு முறையும் கழுத்தை முழுதாகத் திருப்பி, இடக்கண்ணால் தேடிப் பிடிக்கவேண்டும். அதற்குள் இடிக்கிறவன் இடித்துவிட்டுப் போய்விடுவான்.

இதை வாசித்துவிட்டு ஒருநாள் வீட்டு டிரைவேயில் வலக்கண்ணில் பஞ்சை வைத்து பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு நின்றேன். மகன் வலப்பக்கமிருந்து டெனிஸ் பந்தைத் தள்ளிவிட்டான். பந்து என்னைத் தாண்டிப்போய்ப் பக்கத்து வீட்டுக்காரரின் கராஜ் கதவில் டமாரென்று மோதிய பிறகுதான் அது வந்ததே எனக்குத் தெரியும். மகன் விழுந்து விழுந்து சிரித்தான். மெத்தென்ற டெனிஸ் பந்துக்கே இந்தக் கதி. அண்ணர் ஒருக்கா முயற்சி செய்து பார்க்கலாம், பிளாஸ்டர் நான் தருகிறேன்.

பின்னாளில் மேற்கு ஹொக்கி லீக் என்ற மைனர் லீக்கில், அதாவது என்எச்எல்லுக்குக் கீழ்ப்படி லீக்கில், லொஸ் ஏஞ்சலிஸ் அணியின் பயிற்சியாளர் அவரை வலது விங்குக்கு மாற்றினார். தெரிகிற கண் உட்பக்கம் வந்துவிட்டது. அந்தப் பருவத்தில் 38 கோல். 43 வயது வரை, 1979 வரை ஆடினார். இதெல்லாம் 45க்குள் எங்கே இருக்கிறது?

"கறுப்பர் எண்டபடியால்தானே தூக்கிப் பிடிக்கிறாங்கள்" என்று ஒருவர் எழுதப்போகிறார், தெரியும். ஓம், கறுப்பர் என்றபடியால்தான். சிகாகோவில் எதிரணிக்காரன் கெட்ட வார்த்தையால் ஏசி, தடியின் அடிக்கட்டையால் முகத்தில் குத்தி, முன்பல் இரண்டையும் மூக்கையும் உடைத்ததும் அதனால்தான். அது மட்டும் எப்படி ஞாபகம் வருவதில்லை?

"ஆறு அணிக் காலத்தில் எத்தனையோ வெள்ளைக்காரரும் மைனர் லீக்கிலேயே கிடந்தவை." கிடந்தார்கள்தான். ஆனால் வெள்ளைக்காரரில் ஒரு நூறு பேரையாவது உள்ளே எடுத்து ஆடவைத்தார்கள். ஓ'ரீக்குப் பிறகு அடுத்த கறுப்பர், மைக் மார்சன், உள்ளே வந்தது 1974இல். அதற்குள் லீக் 18 அணியாகிவிட்டது.

"அப்ப 45 ஆட்டம் ஆடின எல்லாருக்கும் சட்டை தூக்கலாமோ?" இதற்கெல்லாம் பதில் எழுதுவதில்லை.

ஹொக்கிப் புகழ் மண்டபத்தில் 2018இல் அவரைச் சேர்த்தது ஆட்டக்காரர் பிரிவில்கூட இல்லை, விளையாட்டை வளர்த்தவர்கள் பிரிவில். 1998இலிருந்து ஊர் ஊராகப் போய், ஸ்கேற்றைக் கண்ணால் கண்டிராத பிள்ளைகளைப் பனியில் இறக்கிய வேலைக்காக. அதைத் தேடி வாசிக்க ஒரு நிமிசம் போதும். புரூயின்ஸ் 22ஆம் இலக்கத்தை உயர்த்தியது 2022இல். அப்போது அவருக்கு 86 வயது. கோவிட் காரணமாக வரமுடியாமல் சான் டியேகோவில் இருந்து திரையில் பார்த்தார்.

உண்மையில் எனக்குக் கோபம் ஹொக்கி பற்றியதா என்றே தெரியவில்லை. நான் வந்த புதிதில் ஒரு நேர்முகத்தில், கொழும்பில் பார்த்த கணக்காளர் வேலையை விரலால் ஒதுக்கிவிட்டு, "கனடா அனுபவம் எவ்வளவு?" என்று கேட்டார்கள். பூச்சியம் என்றேன். என் ஃபைலை மூடினார்கள். இதே அண்ணருக்கும் அதுதான் நடந்தது. கொண்டாட்டங்களில் இரண்டாவது கிளாஸோடு அவர் சொல்லும் கதையே அதுதானே, எல்லாரும் கேட்டிருக்கிறோம். அந்த வாயால் எப்படி அண்ணை 45 என்று சிரிக்க வந்தது?

கடைசியாக ஒன்று. ஃபிஞ்ச் வீதியில் உங்கள் பேரன் ஸ்கேற் பழகுகிற அரங்குக்கு ஹேர்பேர்ட் கார்னகி என்று பெயர். ரொறன்ரோக்காரர், கறுப்பர். 1948இல் என்எச்எல் அணியான நியூயோர்க் ரேஞ்சர்ஸ் அவரைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு மைனர் லீக்தான் தரலாம் என்றது. என்எச்எல்லில் அவர் ஆடியது 0 ஆட்டம், 0 கோல். அந்தப் பெயர்ப்பலகையைக் கழற்றச் சொல்லி நகரசபைக்கு எப்போது கடிதம் எழுதப்போகிறீர்கள்?