தண்டு எங்கே என்று கேட்டால் ஏன் விழிக்கிறீர்கள்?

எங்கள் வீட்டுக் கீசர் போய்ப் பதினொரு நாளாகிறது. ஆறு பேர் இருக்கும் வீடு. விடியற்காலையிலிருந்து அடுப்பில் பாத்திரம் மாற்றிப் பாத்திரமாகத் தண்ணீர் கொதிக்கிறது. எண்பதை நெருங்கும் அம்மாவுக்காக அந்தக் கொதிநீரைக் குளியலறை வரை தூக்கிக்கொண்டு போகும்போது, குழந்தை குறுக்கே ஓடி வந்துவிடுமோ என்று ஒவ்வொரு நாளும் நெஞ்சு பதறுகிறது. கையில் பணமில்லாமல் இப்படி அவதிப்படவில்லை. மூன்று கடைகள் ஏறி இறங்கிவிட்டேன். விற்கிற பொருளைப் பற்றி விற்பவருக்கே ஒன்றும் தெரியவில்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல்.

பழைய கீசர் எப்படிப் போயிற்று என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அடிப்பக்கத்தில் கசிந்தது. கழற்ற வந்த மெக்கானிக் கீழ் மூடியின் போல்ட்டுகளைத் திருகி எடுத்ததும், பழுப்பு நிறத் தண்ணீரோடு வெள்ளை வெள்ளையாகச் சில்லுகள் கொட்டின. முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டது போல, இரண்டு கை கொள்ளும் அளவுக்கு உப்பு. பிறகு உள்ளே கையை விட்டு ஒரு கம்பியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். துருப்பிடித்த மெல்லிய கம்பி. ஒரு முனையில் மட்டும் கடித்துத் துப்பிய சாக்பீஸ் போலச் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. “இது விரல் தடிமனுக்கு இருந்த தண்டு சார். கரைந்துபோய் எத்தனை வருடம் ஆயிற்றோ. இதை மாற்றியிருந்தால் தொட்டி பிழைத்திருக்கும்” என்றார்.

அந்தத் தண்டுக்கு அனோடு என்று பெயர். பெரும்பாலும் மெக்னீசியத்தால் செய்திருப்பார்கள். எஃகுத் தொட்டியின் உட்புறம் கண்ணாடி போன்ற எனாமல் பூசியிருந்தாலும், அந்தப் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத துளைகளும் விரிசல்களும் இருக்கும். தண்ணீர் அங்கே எஃகைத் தொட்டால் துரு பிடிக்கும். மெக்னீசியம் எஃகைவிட எளிதில் அரிபடும் உலோகம் என்பதால், அரிப்பை எல்லாம் தன்மேல் வாங்கிக்கொண்டு கரைகிறது. அது தீர்ந்த நாளிலிருந்து தொட்டி கரையத் தொடங்குகிறது. வருடத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து, தேய்ந்திருந்தால் புதியது போட வேண்டும். முழு கீசரின் விலையோடு ஒப்பிட்டால் தண்டின் விலை ஒன்றுமே இல்லை.

ஏழு வருடங்களாக எங்கள் வீட்டுக்கு சர்வீஸ் செய்ய ஆள் வந்துகொண்டுதான் இருந்தார். வெளிப்புறத்தைத் துணியால் துடைத்தார், ஸ்விட்சைப் போட்டு விளக்கு எரிகிறதா என்று பார்த்தார், கையெழுத்து வாங்கினார், பணத்தையும் வாங்கிக்கொண்டு போனார். ஒருமுறைகூட மூடியைத் திறக்கவில்லை. “அனோடு” என்ற சொல் ஒருமுறைகூட அவர் வாயிலிருந்து வரவில்லை. பிறகு எதற்காக ஐயா வருடாவருடம் வந்தீர்கள்?

சரி, புதியதாவது விவரம் தெரிந்து வாங்கலாம் என்று போனால், முதல் கடையில் ஒரே கேள்வி: “வீட்டில் எத்தனை பேர்?” ஆறு என்றேன். “25 லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.” முடிந்தது. வாளியில் குளிக்கிறோமா, ஷவரா? ஒருவர் பின் ஒருவராகக் குளிக்கிறோமா? வருகிற தண்ணீர் எவ்வளவு குளிர்ச்சி? உப்புத் தண்ணீரா? ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து நானே கணக்குப் போட்டேன். தொட்டியில் 60 டிகிரி, குழாயில் 25 டிகிரி, குளிக்க 40 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 25 லிட்டர் வெந்நீரோடு குளிர்ந்த நீரைக் கலந்து 58 லிட்டர் கிடைக்கும். எடுக்க எடுக்கக் கீழே குளிர்ந்த நீர் நுழைவதால் நடைமுறையில் இன்னும் குறையும். வாளியில் மூன்று வாளி. நிமிடத்துக்கு 8 லிட்டர் கொட்டும் ஷவரில் ஏழு நிமிடம், அதாவது ஒரே ஒருவர். அடுத்தவருக்காக அந்த 25 லிட்டரை மறுபடி சூடாக்க ஒரு யூனிட் மின்சாரம் வேண்டும். 2,000 வாட் காயிலுக்கு அரை மணி நேரம். பள்ளிக்கும் வேலைக்கும் கிளம்பும் ஆறு பேர் வரிசையில் நின்றுகொண்டிருக்க வேண்டுமா? பள்ளிப் பாடத்தில் வரும் கணக்கு இது. நாள் முழுவதும் இதையே விற்றுப் பிழைக்கிறவருக்குத் தெரிய வேண்டாமா?

இரண்டாவது கடைக்காரர் உடனடி கீசரைத் தலையில் கட்டப் பார்த்தார். “தொட்டியே பெரிதாக வேண்டாம் சார், திறந்ததும் வெந்நீர் கொட்டும்.” 3,000 வாட் இயந்திரம். நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓடினால் அது நீரின் சூட்டை ஏறக்குறைய 14 டிகிரிதான் உயர்த்தும். குளிர்காலத்தில் 15 டிகிரியில் வரும் தண்ணீர் 29 டிகிரி ஆகும். அதில் அம்மாவைக் குளிப்பாட்டச் சொல்கிறாரா? கை கழுவும் இடத்துக்கு நல்ல சாமான், மறுக்கவில்லை. ஷவருக்கு அது எப்படிப் போதும் என்று கேட்டதற்கு, இதில் ஐந்து வண்ணங்கள் இருக்கின்றன என்கிறார்!

வாய் கூசாமல் இன்னொன்றும் சொன்னார். கேஸ் கீசர் என்றால் இந்தக் குறையே இருக்காதாம், குளியலறைக்குள்ளேயே மாட்டிக்கொள்ளலாமாம். கதவைச் சாத்திக்கொண்டு குளிக்கும் சிறிய அறையில் கேஸ் எரிந்தால் ஆக்சிஜன் குறையும், கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மயங்கி விழுந்த பிறகுதான் வெளியே தெரியும். அப்படிச் செத்தவர்கள் எத்தனை பேர்! ஒரு விற்பனைக்காக இதைச் சிரித்துக்கொண்டே சொல்ல எப்படி மனம் வருகிறது? அங்கே என் குரல் உயர்ந்துவிட்டது. உயர்ந்ததில் எனக்கு வருத்தமில்லை.

மூன்றாவது கடையில் செல்பேசியிலிருந்தே கீசரைப் போடும் வசதியைக் கால் மணி நேரம் விளக்கினார்கள். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அனோடு எந்தப் பக்கம் இருக்கிறது? மாற்றுவதற்கு முழுத் தொட்டியையும் இறக்க வேண்டுமா?” என்றேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மேலாளர் வந்தார். “அதெல்லாம் கம்பெனி ஆள் பார்த்துக்கொள்வார். தொட்டிக்கு ஏழு வருட வாரண்டி இருக்கிறதே சார்.” வாரண்டி அட்டையை வாங்கிப் பொடி எழுத்தைப் படித்தேன். உப்புப் படிவால் வரும் பழுதுக்குப் பொறுப்பில்லை. அனோடை உரிய காலத்தில் மாற்றாவிட்டால் வாரண்டி செல்லாது. பணம் வாங்கும்போது சொல்லாத நிபந்தனையைத் தொட்டி ஓட்டையான பிறகு காட்டப்போகிறார்கள். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பது இதுதானே? வெந்நீர் இல்லாமல் வந்து நிற்பவன் அதிகம் யோசிக்க மாட்டான், இன்றே மாட்டித் தந்தால் போதும் என்று கையெழுத்துப் போட்டுவிடுவான் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

துருப்பிடிக்காத எஃகுத் தொட்டி என்றால் கவலையே இல்லை என்று அங்கேயே ஒருவர் சொன்னார். குளோரைடு மிகுந்த தண்ணீரில் அதிலும் குழி விழும். தண்ணீரைச் சோதிக்காமல் யாரும் அப்படி உறுதி தர முடியாது.

தம்பி ஒரு யோசனை சொன்னான்: “சூட்டை 45 டிகிரியில் வைத்துவிடலாம் அண்ணா, குழந்தைக்கும் சுடாது, உப்பும் குறைவாகப் படியும்.” அவன் சொன்ன இரண்டும் உண்மை. ஆனால் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா 20 முதல் 45 டிகிரி வரையிலான தேங்கிய நீரில்தான் பெருகுகிறது. நுரையீரலைத் தாக்கும் கிருமி, முதியவர்களுக்கு ஆபத்து. அதனால் தொட்டியில் 60 டிகிரி வைத்து, குழாய்க்குப் போகும் வழியில் குளிர்ந்த நீரைக் கலந்து சூட்டைக் குறைக்கும் வால்வு போட வேண்டும். 60 டிகிரி நீர் சில விநாடிகளிலேயே தோலைப் பொசுக்கிவிடும். கிழவியும் குழந்தையும் இருக்கும் வீடு என்று மூன்று கடைகளிலும் சொன்னேன். அந்த வால்வைப் பற்றி ஒருவராவது மூச்சு விட்டாரா?

நாளை நான்காவது கடைக்குப் போகிறேன். அந்தக் கம்பியைக் காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்திருக்கிறேன். மேஜைமேல் அதை வைத்து, நீங்கள் விற்கும் கீசரில் இது எங்கே இருக்கிறது, எப்படிக் கழற்றுவது, மாற்றுத் தண்டு உங்களிடம் கிடைக்குமா என்று மூன்றே கேள்விகள் கேட்பேன். கீழ் மூடியைத் திறந்து காட்டுகிறவரிடம்தான் வாங்குவேன். அதுவரை அடுப்பில் தண்ணீர் கொதிக்கட்டும்.