ஹெல்மெட்டில் ஒரு டஜன் முட்டை

(ஞாயிறு காலை. மாமனார் ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு செல்போனை மூக்கருகே பிடித்திருக்கிறார். மாப்பிள்ளை மெல்ல நழுவப் பார்க்கிறார்.)

மாமா: மாப்பிள்ளை, ஒரு நிமிஷம். ஹெல்மெட் போடாமல் ஓட்டியதற்கு 1000 ரூபாய் அபராதம். வண்டி என் பெயரில் இருப்பதால் படத்தோடு எனக்கு வந்திருக்கிறது.

மாப்பிள்ளை: பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம் மாமா. உங்கள் தலையிலும் ஒன்றும் இல்லையே?

மாமா: பார்த்தீர்களா! இதற்குப் பெயர்தான் வாட்டபவுட்டிசம். தப்பைச் சொன்னால் 'நீ மட்டும் யோக்கியமா' என்று திருப்பிவிடுவது.

மாப்பிள்ளை: எங்கள் ஊரில் 'ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை' என்பார்கள். அதில் கேலி பித்தளைக்குத்தான், ஈயத்துக்கு இல்லை.

மாமா: அந்தக் காலத்தில் சோவியத் யூனியனை அமெரிக்கா குறை சொன்னால் அவர்கள் என்ன பதில் சொல்வார்கள் தெரியுமா? 'உங்கள் அமெரிக்காவில் கறுப்பர்களை அடித்துக் கொல்கிறீர்களே!'

மாப்பிள்ளை: அது பொய்யா மாமா?

மாமா: நிஜம்தான். ஆனால் அதைச் சொன்னதும் சோவியத்தின் சைபீரியச் சிறை முகாமில் கிடந்தவனுக்குக் கதவு திறந்துவிட்டதா?

மாப்பிள்ளை: (தலையைச் சொறிந்து) இல்லை. சரி, என் தப்பு தப்புதான். ஆனால் பணத்தை யார் கட்டுவது என்பது வேறு கேள்வி. அந்தப் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள். உங்கள் மடியில் என்ன?

மாமா: ஹெல்மெட்.

மாப்பிள்ளை: அதற்குள்?

மாமா: முட்டை. ஒரு டஜன். பை எடுத்துப்போக மறந்துவிட்டோம். 2019-இலிருந்து பாலிதீன் பைக்குத் தடை என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார்.

மாப்பிள்ளை: ஹெல்மெட்டை என் தலையிலிருந்து கழற்றியது யார்?

மாமா: முட்டை உடைந்துவிடுமே என்று...

மாப்பிள்ளை: மண்டை?

மாமா: நீங்கள் மெதுவாகத்தானே ஓட்டுவீர்கள்.

மாப்பிள்ளை: இதைக் கேட்டாலும் வாட்டபவுட்டிசமா?

மாமா: (சற்று நேரம் கழித்து) வகுப்பில் ஒரு பையன் இருந்தான். நானே தாமதமாகப் போன ஒரு நாள், எனக்குப் பின்னால் ஓடி வந்தான். 'ஏன்டா லேட்?' என்றேன். பதிலே சொல்லவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான், அப்புறம் என்னைப் பார்த்தான்.

மாப்பிள்ளை: என்ன செய்தீர்கள்?

மாமா: வெளியே நிற்க வைத்தேன். அப்போது எனக்கு இந்தச் சொல் தெரியாது. தெரிந்திருந்தால் அதையும் சொல்லி நிற்க வைத்திருப்பேன்.

மாப்பிள்ளை: பாவம் மாமா அவன்.

மாமா: பாவம்தான். சரி, ஆளுக்கு 500.

மாப்பிள்ளை: முட்டை நீங்கள் வாங்கியதுதானே?

மாமா: நேற்று ராத்திரி இரண்டு ஆம்லெட் சாப்பிட்டது யார்?

மாப்பிள்ளை: மாமா, பேச்சை மாற்றாதீர்கள்.