வரையறை கொஞ்சம் காத்திருக்கட்டும்

கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்குக் கணிதம் நடத்துகிற எல்லாருக்கும், அந்த வகுப்பில் உட்கார்ந்து எதுவும் புரியாமல் எழுந்து போன எல்லாருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். பல நாளாக மனசில் இருப்பது. முதலாண்டுக் கணிதத்தில் நாம் விடையை முதலில் கொடுத்துவிடுகிறோம். அது எந்தக் கேள்விக்கான விடை என்று கடைசி வரை சொல்வதில்லை.

நான் படித்தபோது, முதல் வாரத்திலேயே பலகையில் எப்சிலானும் டெல்டாவும் வந்துவிட்டன. எல்லை, அதாவது ஒரு மதிப்பு எதை நெருங்கிக்கொண்டே போகிறதோ அது என்பதன் வரையறை. எழுதிய ஆசிரியர் அக்கறையானவர்தான், கையெழுத்துகூட முத்து முத்தாக இருக்கும். நான் அதை அப்படியே மனப்பாடம் செய்து, பரீட்சையில் எழுதி, முழு மதிப்பெண் வாங்கினேன். யாருக்கு என்ன குறை வந்ததால் அந்த வரையறை தேவைப்பட்டது என்பது மூன்று வருடம் கழித்து, நானாக ஒரு வரலாற்றுப் புத்தகத்தைப் புரட்டியபோதுதான் தெரிந்தது. அன்றைக்கு எனக்கு வந்தது கோபம். இதை ஏன் முதல் வாரமே யாரும் சொல்லவில்லை?

லைப்னிட்ஸ் தன் நுண்கணிதத்தை, அதாவது ஒரு அளவு எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று கணக்கிடும் முறையை, அச்சில் வெளியிட்டது 1684-ல். நியூட்டன் அதற்கு முன்பே தன் வழியில் அதைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். இரண்டு பேருமே சரியான விடைகளைப் பெற்றார்கள், ஆனால் அடியில் ஒரு ஓட்டை இருந்தது. 1734-ல் பிஷப் பெர்க்லி அதைச் சுட்டிக்காட்டினார்: ஒரு சின்ன அளவால் வகுக்கும்போது அது பூஜ்யம் இல்லை என்கிறீர்கள், வகுத்து முடித்ததும் அதே அளவைப் பூஜ்யம் என்று தூக்கிப்போடுகிறீர்கள், இது எப்படிச் சரியாகும்? நியாயமான கேள்வி. 1821-ல் பிரெஞ்சுக் கணிதர் கோஷி தன் மாணவர்களுக்காக எழுதிய பாடநூலில் எல்லை என்ற கருத்தை நடுவில் வைத்துப் பாதித் தூரம் வந்தார். இன்றைக்கு நாம் பலகையில் எழுதுகிற வடிவம் 1860-களில் பெர்லினில் வையர்ஸ்ட்ராஸ் என்ற கணிதரின் வகுப்புகளில்தான் உறுதிப்பட்டது. ஆக, 170 வருடத்துக்கும் மேல் ஆகியிருக்கிறது. அதைப் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு மணி நேரத்தில் கொடுத்துவிட்டு, "புரியலையா?" என்று கேட்கிறோம்.

நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். முதல் வகுப்பில் வரையறை கிடையாது. x-இன் வர்க்கம் என்ற சார்பை எடுத்துக்கொள்வோம். x = 3 என்ற இடத்தில் அந்த வளைவு எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது? யாருக்கும் தெரியாது. சரி, பக்கத்துப் புள்ளியோடு சேர்த்து ஒரு கோடு போட்டு அதன் சாய்வைப் பாருங்கள் என்பேன். 3.1 எடுத்தால் 9.61-லிருந்து 9 போக 0.61, அதை 0.1-ஆல் வகுத்தால் 6.1. 3.01 எடுத்தால் 6.01. 3.001 எடுத்தால் 6.001. இந்தப் பக்கம் 2.9 எடுத்தால் 5.9. எல்லாவற்றையும் அவர்களே கையால் போட வேண்டும். கால்குலேட்டர் இருக்கலாம், ஆனால் அட்டவணை நோட்டில்தான். நான்காவது வரி எழுதும்போதே யாராவது "ஆறு" என்று சொல்லிவிடுவார்கள்.

அப்புறம் 3-க்குப் பதில் 3 + h என்று வைத்துச் சுருக்கினால் 6 + h வருகிறது. இங்கே நான் நிறுத்திவிடுவேன். h பூஜ்யமாக இருந்தால் முதலிலேயே வகுத்திருக்க முடியாது, பூஜ்யம் இல்லையென்றால் விடை ஆறு இல்லை, அப்புறம் எப்படி ஆறு என்கிறோம்? அநேகமாக ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் பெர்க்லியின் கேள்வியைத் தன் சொந்த வாயால் கேட்டுவிடுவார். பெர்க்லி யார் என்றே தெரியாமல். அந்த நிமிடம் வந்த பிறகுதான் அவருடைய பெயரைச் சொல்வேன்.

இதற்குப் பிறகுதான் வரையறை வரும், அதுவும் ஒரு பேரமாக. ஆறிலிருந்து 0.01-க்குள் விடை இருக்க வேண்டும் என்று நான் கேட்டால் h எவ்வளவு சின்னதாக இருக்க வேண்டும்? 0.0001-க்குள் கேட்டால்? நான் எதைக் கேட்டாலும் உங்களிடம் பதில் இருக்கிறதா? இருக்கிறது என்று அவர்கள் சொன்னால் எப்சிலானும் டெல்டாவும் வந்தாயிற்று: நான் கேட்கிற 0.01 எப்சிலான், h எவ்வளவு சின்னது என்று அவர்கள் சொல்கிற அளவு டெல்டா. எழுத்துகளை எழுதுவது மட்டும்தான் பாக்கி.

அதில் பெரிய சிக்கல் ஒன்று உண்டு, வரிசை. "ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு சாவி உண்டு" என்பது வேறு, "எல்லாப் பூட்டையும் திறக்கிற ஒரு சாவி உண்டு" என்பது வேறு. தமிழில் சொன்னால் எல்லாருக்கும் உடனே பிடிபடுகிறது. எப்சிலானுக்குப் பிறகு டெல்டா வருகிறதா, முன்னால் வருகிறதா என்பது இதே விஷயம்தான். இதில் தடுமாறுகிற மாணவரை மந்தம் என்று நினைத்துவிடாதீர்கள். தொடர்ச்சியான (வரைந்தால் எங்கும் அறுபடாத) சார்புகளைக் கூட்டிக்கொண்டே போகிற ஒரு தொடர் ஒரு மதிப்பை நெருங்கிக் குவிந்தால் அதன் கூட்டுத்தொகையும் தொடர்ச்சியானது என்று 1821-ல் கோஷியே எழுதினார். அது எப்போதும் உண்மையல்ல என்று 1826-ல் ஏபல் என்ற கணிதர் எடுத்துக்காட்டோடு சொன்னார். இந்தச் சிக்கலின் அடியில் இருந்ததும் இதே பூட்டு-சாவி வரிசைதான் என்பது பிற்பாடு தெளிவானது. கோஷிக்கே வழுக்கிய இடத்தில் ஒரு முதலாண்டு மாணவருக்கு வழுக்கக் கூடாதா?

அணிகளின் பெருக்கலும் இப்படித்தான். வரிசையை நிரலோடு பெருக்கிக் கூட்டு என்று விதியாகச் சொல்லிக்கொடுக்கிறோம், பிள்ளைகளும் பிழையில்லாமல் போடுகிறார்கள். ஏன் அப்படிப் பெருக்க வேண்டும் என்று கேட்டால் அமைதி. ஒரு தளத்தை 90 பாகை இடப்பக்கம் திருப்பினால் (1, 0) எங்கே போகும், (0, 1) எங்கே போகும் என்று கேளுங்கள். அந்த இரண்டு விடைகளையும் நிரல்களாக எழுதினால் அதுதான் அணி. இரண்டு முறை திருப்புவதுதான் அந்த அணியை அதனாலேயே பெருக்குவது. ஒரு தாளின் மூலையில் குறி போட்டு, முதலில் திருப்பி அப்புறம் கவிழ்க்கச் சொல்லுங்கள். பிறகு முதலில் கவிழ்த்து அப்புறம் திருப்பச் சொல்லுங்கள். குறி வேறு வேறு மூலையில் நிற்கும். வரிசை மாறினால் பெருக்கல் ஏன் மாறுகிறது என்பதற்கு வேறு விளக்கமே தேவையில்லை.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்பார்கள். நேரம் இல்லைதான். அதனால்தான் சிலபஸைக் குறைக்கச் சொல்கிறேன். ஒரு செமஸ்டரில் பத்து வகைத் தொகையிடல் உத்திகளை ஓட்டிக் காட்டுவதைவிட, நான்கை நின்று நடத்தலாம். மிச்சத்தைத் தேவைப்படும்போது அவர்களே படித்துக்கொள்வார்கள். அந்த நேரத்தில் பாதியைப் பின்னங்களுக்கும் அடைப்புக்குறிகளுக்கும் கொடுங்கள் என்பேன். a வர்க்கமும் b வர்க்கமும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் a + b என்று எழுதுகிறவர் நுண்கணிதத்தில் தோற்பதற்கும் நுண்கணிதத்துக்கும் சம்பந்தமே இல்லை. அவரைத் தனியாக உட்காரவைத்து 3, 4 என்று போட்டுப் பார்க்கச் சொன்னால் போதும், ஐந்தும் ஏழும் ஒன்றில்லை என்று அவருக்கே தெரிந்துவிடும்.

இன்னொன்று. முதலாண்டு வகுப்பு என்றால் புதிதாகச் சேர்ந்தவர் தலையில் கட்டு என்று ஒரு பழக்கம் இருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. 1858-ல் சூரிக்கில் டெடகிண்ட் என்ற கணிதர் முதன்முறையாக நுண்கணித அடிப்படைகளை நடத்த வேண்டி வந்தபோதுதான், மெய்யெண்களுக்கே உறுதியான அஸ்திவாரம் இல்லை என்பது அவரை உறுத்தியது. அந்த நவம்பரிலேயே எண்களை இடப்பக்கம், வலப்பக்கம் என்று இரண்டாகப் பிரித்து மெய்யெண்ணை வரையறுக்கிற தன் வெட்டு என்ற கருத்தை அவர் கண்டுபிடித்துவிட்டார், வெளியிட்டதுதான் 1872-ல். கோஷியின் புத்தகமும் வகுப்புக்காக எழுதியது, வையர்ஸ்ட்ராஸ் பேசியதும் வகுப்பில். தொடக்கநிலை மாணவர் முன்னால் நின்றபோதுதான் இவர்களுக்கே ஓட்டை தெரிந்திருக்கிறது. துறையில் மூத்தவர் யாரோ அவர் அந்த வகுப்புக்குப் போகட்டும்.

போன செமஸ்டரில் ஒரு மாணவி, வகுப்பில் வாயே திறக்காதவர், மூன்றாவது வாரம் முடிந்ததும் நோட்டோடு வந்தார். நான் கொடுக்காத கணக்கு. x-இன் வர்க்கமூலத்துக்குப் பூஜ்யத்தில் சாய்வு என்ன என்று தானே அட்டவணை போட்டிருந்தார். 0.01-க்கு 10. 0.0001-க்கு 100. 0.000001-க்கு 1000.

"மேடம், நான் எங்கயாவது தப்பு பண்ணிட்டேனா? இது எங்கயும் நிக்கவே மாட்டேங்குது."

தப்பில்லைம்மா என்று சொல்லி, அடுத்த வகுப்பில் அந்த அட்டவணையை அவரையே பலகையில் எழுதச் சொன்னேன். அன்றைக்கு நடத்த வேண்டியிருந்த பாடத்தை நடத்தவில்லை.