அந்த 16 ஜிபியில் ரேம் பாதிதான்

புதிதாக அறிவிக்கப்பட்டுள்ள ஒரு டேப்லெட்டில் 16 ஜிபி ரேம் (செயலிகள் இயங்கும்போது தரவை வைத்திருக்கும் வேகமான நினைவகம்) இருப்பதால் அது மடிக்கணினிக்கு ஈடாக இயங்கும் என்று சொல்லப்படுவது தவறு. அறிவிப்பின் அடிக்குறிப்பிலேயே 8 ஜிபி ரேம், 8 ஜிபி நீட்டிப்பு நினைவகம் என்று பொடி எழுத்தில் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். நீட்டிப்பு என்பது தனிச் சில்லு அன்று; கோப்புகளைச் சேமிக்கும் இடத்திலிருந்து 8 ஜிபியை ஒதுக்கி, தற்சமயம் பயன்படாத தரவை அங்கே தள்ளிவைக்கும் ஏற்பாடு.

வேக வேறுபாட்டைப் பாருங்கள். கைபேசி, டேப்லெட்டுகளில் பயன்படும் எல்பிடிடிஆர்4எக்ஸ் வகை ரேம் 64 பிட் இணைப்பில் நொடிக்குச் சுமார் 34 ஜிபி வரை தரவைக் கடத்தும். மலிவான டேப்லெட்டுகளில் காணப்படும் இஎம்எம்சி 5.1 சேமிப்பகத்தின் உச்ச வரம்போ நொடிக்கு 400 எம்பி மட்டுமே. யுஎஃப்எஸ் 3.1 என்ற வேறு வகைச் சேமிப்பகம் அதைவிடப் பல மடங்கு வேகமானது என்றாலும் அதுவும் ரேமுக்கு அருகில் வராது. தவிர, இந்தச் சேமிப்பகங்களில் உள்ள ஃபிளாஷ் நினைவகத்தில் திரும்பத் திரும்ப எழுதுவதற்கு ஓர் எல்லை உண்டு.

இந்த வசதி அறவே பயனற்றது என்று நான் சொல்லவில்லை. பின்னணியில் உள்ள செய்திச் செயலியோ உலாவித் தாவலோ மூடப்படாமல், விட்ட இடத்திலேயே திறக்க அது உதவக்கூடும். ஆனால் காணொளித் தொகுப்பைப் போல, தரவு முழுவதும் ஒரே நேரத்தில் கைக்கெட்டும் தொலைவில் இருக்க வேண்டிய வேலைகளில் 8 ஜிபி ரேம் 8 ஜிபியாகவே நடந்துகொள்ளும். ஆகவே, இதை 8 ஜிபி ரேம் கொண்ட மற்ற டேப்லெட்டுகளோடு ஒப்பிட்டு விலையை மதிப்பிடுவதே முறை.